நண்டுக் கறியில் உப்பு

வேலணையில் நான் படிப்பிக்கும் சமையல் பள்ளியில் இன்று நண்டுக் கறி. மாணவி ஒருத்தி கொதிக்கிற கறியில் முருங்கையிலையைப் போட்டாள். அந்த வாசத்தோடு எங்கள் பழைய குசினி நினைவுக்கு வந்துவிட்டது.

அப்பாவுக்குத் தெற்கே காலி நகரத்தில் கடை. வருடத்தில் ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார். அன்றைக்கு அம்மா விடியவே கடற்கரைக்குப் போய் உயிர் நண்டாகப் பார்த்து வாங்குவார். கறியை இறக்கும்போது முருங்கையிலையைப் போட்டுச் சட்டியை மூடிவிடுவார். அப்பா ஒரு வாய் வைத்ததும் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளுவார்.

"உப்புக் கூட. என்ரை கடைக் குசினியிலை நிக்கிற பெடியன் உம்மைவிட நல்லாச் சமைப்பான்."

அம்மா கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விடுவார். பிறகு அடுப்படியில் இருந்து அதே கறியை நானும் அம்மாவும் சாப்பிடுவோம். எனக்கு ஒருநாளும் உப்பு அதிகமாகத் தெரிந்ததில்லை.

அம்மா இப்போது இல்லை. அப்பா கடையை விட்டுவிட்டு வந்து என்னோடு இருக்கிறார். இன்றைய கறியில் கொஞ்சம் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பா விரலைச் சூப்பிச் சூப்பிச் சாப்பிட்டார்.

"கொம்மா ஒருநாளும் இப்பிடிக் காய்ச்சினதில்லையடா."

"இது அம்மா காய்ச்சிற கறிதான் அப்பா. உப்பும் அவ போடுற அளவுதான்."

அப்பா கோப்பையைப் பார்த்தார். பிறகு மெல்லத் தள்ளினார்.

"அதுதான் உப்புக் கூட."