முழுக மறுத்த படகு

வங்காள விரிகுடாவில் வாயுகுண்டம், அதாவது காற்றழுத்தத் தாழ்வு, என்று தெலுங்குச் செய்தி சொன்ன மறுநாள் திருப்பதியில் ரயில் ஏறிச் சூளூர்பேட்டையில் இறங்கினேன். புயலைப் பார்க்க அல்ல, மச்சானைத் தடுக்க. என் மனைவியின் அண்ணன் அவர். பழவேற்காட்டு ஏரியில் மீன் பிடிக்கிறவர்.

ஒவ்வொரு மழைக்காலமும் இதே தலைவலி. மழையும் பனியும் மாறி மாறி அறையும் மாதங்களிலும் படகு தண்ணீரிலேயே கிடக்கும். மச்சான் கை பழகியது மரப்படகில். மரம் கரையில் காய்ந்தால் பலகை விரிந்து இடுக்குகள் வாய் திறக்கும். ஆகவே தண்ணீரை விட்டு எடுக்கமாட்டார்கள். புயல் என்றாலோ ஆழமில்லாத இடத்தில் நீரை ரொப்பி அமிழ்த்தியே விடுவார்கள். காற்றுக்குப் பிடி கிடைக்காது. ஓய்ந்தபின் இறைத்து எழுப்புவார்கள். மரத்துக்கு அது சரி. இப்போது அவரிடம் இருப்பது ஃபைபர் படகு. அதற்கு மரத்தின் தாகம் கிடையாது. அவரிடம் யார் சொல்வது? நான்தான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

புயல் கழிந்ததும் அவருக்குப் பாடு. ஏரியின் நல்ல இடங்களில் வலை போட ஊரார் குலுக்கல் போட்டு வைக்கும் முறைதான் பாடு. மழைவெள்ளத்தில் இறால் ஓடுகிற நேரத்தில் அந்த முறை விழுவது லேசில்லை. அந்த இறாலை வைத்துத்தான் வீடு வருஷத்தைத் தள்ளும். படகு போனால் பாடும் போகும்.

நான் போய்ச் சேர்ந்தபோது இடுப்பளவு தண்ணீரில் நின்று, பக்கெட்டால் ஏரியை மொண்டு படகுக்குள் ஊற்றிக்கொண்டிருந்தார். வானமும் அதே வேலையில் இருந்தது.

“இன்னா மச்சான் பண்ணிக்கினு கீறீங்க?”

“தெரியல? முழுக வெக்கறேன். நீயும் ஒரு பக்கெட்டு எடு மாப்ள.”

“இது முழுகாது மச்சான். ரெண்டு முனையிலயும் பொட்டி அடைச்சி தெர்மாகோல் ரொப்பிக்கீறாங்க. முழுகக் கூடாதுன்னே!”

“தண்ணி ஏறினா மலையே முழுகும். இது இன்னா?”

“கரைக்கு ஏத்திக் கட்டிடலாம்.”

“யாரு ஏத்தறது? அவனவன் போட்டோட அவனவன் அல்லாடிக்கினு கீறான். ஏத்தினா காத்து தூக்கிக்கினு போயி பனைமரத்துல மாட்டிடும்.”

ஃபோனில் ஒரு குளிர்நாட்டு ஏரியைக் காட்டினேன். உறையும் நீர் படகின் விலாவை நெரிக்காமலிருக்க, அடியில் விசிறி ஒன்றைச் சுழலவிட்டு நீரைக் கலக்கிக்கொண்டே இருக்கிறார்கள். எது எதிரி என்று தெரிந்து காக்கிறார்கள் பாருங்கள் என்றேன்.

“அங்க தண்ணி ஒறையுது. இங்க என் மாப்ள வாயி ஒறைய மாட்டேங்குது. ஊத்து!”

ஊற்றினேன். வேறென்ன செய்ய? விளிம்பு வரை நிரம்பியும் படகு அடிக்குப் போகவில்லை. எருமைபோல மூக்கை நீட்டிக்கொண்டு கிடந்தது. மச்சான் ஒரு முனையில் ஏறி மிதித்தார், மறுமுனை எழுந்தது. நான் அதில் ஏறினேன். படகு சோம்பல் முறிப்பதுபோல ஒரு பக்கம் புரண்டு எங்கள் இருவரையும் ஏரியில் கொட்டிவிட்டு மீண்டும் மிதந்தது.

கரையில் முக்காட்டோடு நின்ற அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டார். “மெதக்கறதுக்குத்தான் துட்டு குடுத்து வாங்கினோம்னு நெனச்சிக்கினு இருந்தேன். ரெண்டு ஆம்பளைங்க சேந்து அத்த முழுக வெக்கறாங்களாம்!”

அடுத்தது மணல். உரச்சாக்கு, அரிசிச்சாக்கு எல்லாவற்றிலும் ரொப்பி ஏற்றினோம். சாக்கு தீர்ந்ததும் மச்சானின் கண் என் தோள்பையில் விழுந்தது. என் துணிகளைத் தன் மனைவி கையில் கொடுத்துவிட்டு அதிலும் மணல் ரொப்பினார். கடைசியில் படகு சேற்றைத் தொட்டது. நட்ட கழியில் கயிற்றை இறுக்கினோம். வீட்டில், முன்பே கழற்றி வைத்திருந்த எஞ்சின் போர்வை போர்த்திக்கொண்டு கட்டிலில் கிடந்தது. நாங்கள் தரையில் படுத்தோம்.

காற்று ஓய்ந்ததும் ஓடினோம். கழியை விட்டு இம்மியும் நகராமல், பழையபடி மூக்கை நீட்டிக்கொண்டு படகு மிதந்தது. அலை அடித்துச் சாக்குகள் கிழிந்து மணலில் பாதி ஏரிக்கே போயிருந்தது. வயிறு நிறைய நீர் இருந்ததால் காற்றால் அசைக்க முடியவில்லை.

“பாத்தியா மாப்ள? முழுக வெச்சதாலதான் தப்பிச்சிது!”

“முழுகவே இல்லியே மச்சான்! எதிர்ல மெதந்துக்கினு கீது பாருங்க!”

“ராவு முழுக்க முழுகித்தான் இருந்துது. காலையில எழுந்துக்கிச்சி. நம்மள மாதிரி.”

பொழுதெல்லாம் நீரும் மணலும் இறைத்தோம். அடியில் அகப்பட்ட என் பை வார் அறுந்து, சேறு கக்கியது. எஞ்சினைக் கட்டிலிலிருந்து எழுப்பிக் கொண்டுவந்து மாட்டினோம்.

பாடு முறை வந்த நாளன்று படகு கிளம்பியது. கரையில் அறுந்த பையோடு நின்றேன். நடு ஏரியிலிருந்து மச்சான் கை ஆட்டினார். நன்றி சொல்கிறாராக்கும் என்று நானும் ஆட்டினேன். காற்று அவர் குரலைக் கொண்டுவந்து போட்டது.

“அடுத்த மழைக்கு பெரிய பையா எத்துக்கினு வா மாப்ளே!”