அப்பா ஓட்டினால் மட்டும் சூடாகும் வண்டி

அந்த வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது. இன்ஜினில் ஆயில் கருகும் வாடை. அதன் மேல் அப்பா வாட்டர் பாட்டிலைச் சாய்த்ததும் 'சொய்ங்' என்று எழும் ஆவி...

தண்ணீர் ஊற்றாதீர்கள், ஹெட் கிராக் விட்டுவிடும் என்று போனில் எத்தனையோ முறை சொல்லியாயிற்று. அவருக்கு வேறு வழி தெரியவில்லை. வண்டி நின்றால் வேலை போய்விடும்.

சென்னை பக்கம் ஒரகடத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் வாங்கிக் கொடுத்த பழைய ஹண்ட்ரட் சிசி வண்டி. திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு ரைஸ் மில்லில் அப்பா மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். எங்கள் ஊர் பஸ் வருவதற்குள் அங்கே பாதி லோடு இறங்கியிருக்கும். வழியில் வண்டி நின்று நின்று அவர் லேட்டாகப் போக, இன்னொரு தரம் இப்படி வந்தால் வேறு ஆள் போட்டுக்கொள்கிறேன் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

"நமக்கு இது ஒத்துக்கலப்பா. சைக்கிள்லயே போயிக்கிறேன்" என்றார் அப்பா. நாளெல்லாம் மூட்டை தூக்கிவிட்டு அவ்வளவு தூரம் சைக்கிள் மிதிக்கிற உடம்பா அது? லீவு போட்டு ஊருக்கு வந்தேன்.

டவுன் மெக்கானிக் ஆயிலை மாற்றினார். பிளக்கைக் கழற்றினார். வெள்ளையாக இருந்தது. பெட்ரோல் கம்மியாக ஏறுகிறது என்று கார்புரேட்டரைத் திருகினார். சம்பா அறுப்பு நேரம், ரோடெல்லாம் வைக்கோல். இன்ஜின் பட்டைகளுக்கு நடுவே அப்பியிருந்த சேற்றையும் கூளத்தையும் கம்பியால் சுரண்டினோம். பின் பிரேக் இழுத்துப் பிடிக்கிறதா என்று சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். இல்லை.

மெக்கானிக் ஓட்டினால் சூடாகவில்லை. நான் ஓட்டினாலும் சூடாகவில்லை. அப்பா மில்லுக்குப் போனால் மட்டும் கொதிக்கிறது. என்ன எழவு இது?

"பெருசு, நீ வண்டிய ஓட்டுறியா, மேய்க்கிறியா?" என்றார் மெக்கானிக். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். எனக்கு எரிச்சலாக வந்தது... யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் காலையில் அப்பாவுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

எங்கள் காலனியைத் தாண்டியதும் டாப் கியர். தலையில் துண்டு, வாயில் ஏதோ பாட்டு. அழகாகத்தான் ஓட்டினார். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஊர்த் தெரு ஆரம்பிக்கும் அரசமரத்து வளைவு வந்தது. பாட்டு நின்றது. தலைத்துண்டை ஒரு கையால் உருவி மடியில் போட்டுக்கொண்டார். கியர் ஒவ்வொன்றாக இறங்கி ஃபர்ஸ்ட்டுக்கு வந்தது. கிளட்ச்சைப் பாதி பிடித்தபடி, நடந்து போகிறவர் வேகத்தில், ஓரமாகவே உருட்டினார்.

தெரு முடிந்ததும் மறுபடி டாப் கியர். அடுத்த ஊர்த் தெருவில் மறுபடி ஃபர்ஸ்ட். மூன்றாவது ஊரிலும் அப்படியே. அங்கே என் முழங்காலில் இன்ஜின் அனல் அடித்தது. அந்த வாடையும் வந்துவிட்டது. காற்றுப் படாமல் பாதி கிளட்ச்சில் கிடந்தால் எந்த இன்ஜின்தான் தாங்கும்?

"ஏம்ப்பா இங்க மட்டும் ஃபர்ஸ்ட்ல போற?"

"தெருல்ல?"

"தெருன்னா?"

"தெருன்னா தெருதான்."

டீக்கடையில் இருந்தவர்களைப் பார்த்தேன். ஆளுக்கொரு போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் எங்களைப் பார்க்கவில்லை. அந்தத் தெருப் பையன் ஒருவன் ஹாரன் அடித்தபடி எங்களை உரசிக்கொண்டு பறந்தான். அப்பா இன்னும் ஓரமாக ஒதுங்கினார்.

"யாராச்சும் எதாச்சும் சொன்னாங்களா?"

"யாரும் சொல்லலடா. அப்பல்லாம் சைக்கிள எறங்கித் தள்ளிக்கிட்டுப் போவோம். இப்ப ஓட்டிக்கிட்டுத்தான போறேன்?"

அவர் குரலில் வருத்தமே இல்லை. கொஞ்சம் பெருமைகூட இருந்தது. நான் ஹாஸ்டலிலேயே வளர்ந்தவன். அந்தத் தெருவைத் திட்டுவதா, அப்பாவையா, வண்டி வாங்கிக் கொடுத்தால் எல்லாம் மாறிவிடும் என்று நினைத்த என்னையா?

மெக்கானிக்கிடம் பாதிதான் சொன்னேன். ஃபர்ஸ்ட்லயே ஓட்டுறாருண்ணே... ஏன் என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் எந்தத் தெருக்காரரோ! "பயமா பெருசுக்கு? கிரவுண்டுல விட்டு ஓட்டிப் பழக்கு" என்றார். அப்பா அதற்கும் சிரித்தார்.

அதன்பிறகு அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். இருட்டு பிரிவதற்குள் கிளம்பி, ஊர்களைச் சுற்றிக்கொண்டு வாய்க்கால் கரையோடு போகும் வழி. தெரு இல்லை, பாட்டு நிற்காது, கியர் இறங்காது. இன்ஜின் ஒரு நாளும் சூடாகவில்லை. வேலையும் நிலைத்தது. வண்டியை ரெடி பண்ணிவிட்டதாக எல்லோரும் சொன்னோம்.

இப்போது அப்பா வேலைக்குப் போவதில்லை. என்னிடம் ரேடியேட்டர் வைத்த பெரிய பைக். எவ்வளவு மெதுவாகப் போனாலும் தாங்கும். ஊருக்குப் போனால் வேண்டுமென்றே அந்த மூன்று தெரு வழியாகத்தான் போகிறேன். ஹாரன் அடித்துக்கொண்டுதான் போகிறேன்.

ஆனால் அரசமரத்து வளைவு வந்ததும் இடது கை தானாகக் கிளட்ச்சைப் பிடிக்கிறது. எனக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நிமிர்ந்து பார்க்கிறேன்... யாரும் என்னைப் பார்க்கவில்லை.

அன்றைக்கும் யாரும் பார்க்கவில்லை.