எழுதியவர் வாசிக்கக் கூடாது

ஃபினாயிலும் தேங்காய் நார் மெத்தையும் கலந்த ஒரு வாசனை இருக்கிறது. பூட்டிக் கிடந்த ஹாஸ்டலைத் திறந்தால் வருமே, அது. எங்கே மூக்கில் ஏறினாலும் எனக்குக் காரைக்காலில் கழிந்த அந்த மே மாதம்தான் ஞாபகம் வரும்...

எழுத ஆரம்பித்திருக்கும் இளைஞர்களுக்கு ஒரு மாத ஃபெல்லோஷிப். தங்கி எழுத வேண்டும். இடம், விடுமுறைக்குப் பிள்ளைகள் ஊருக்குப் போய்விட்ட ஒரு போர்டிங் ஸ்கூல். நான் அப்போது நெரவியிலிருந்து தினமும் பஸ் பிடித்துக் காரைக்காலுக்கு ஆபீஸ் போய்க்கொண்டிருந்தேன். கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கிப் பெட்டியைத் தூக்கியபோது அப்பா ஒன்றே ஒன்று கேட்டார்.

"காலேஜே முடிச்சாச்சு. இப்ப எதுக்கும்மா ஹாஸ்டல்?"

கட்டிலெல்லாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் அளவு. காலை நீட்டினால் கம்பி இடிக்கும். சாயங்காலமானால் மெஸ் அக்கா டம்ளரில் பால் கொடுத்துவிட்டு, குடித்து முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நிற்பார். இலக்கியத்தைப் புரட்டிப்போட வந்தவர்கள் எல்லாரும் மீசையில் பால் ஒட்ட வரிசையில் நின்றோம்.

முகாமை நடத்திய மேடம் ஒரு விதி வைத்திருந்தார். மாலையில் ஸ்டடி ஹாலில் வாசிப்பு நடக்கும். எழுதியவர் தன் எழுத்தைத் தானே வாசிக்கக் கூடாது. இன்னொருவர்தான் முன்னால் நின்று வாசிப்பார். எழுதியவர் கேட்பவர்களோடு உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் கேட்க வேண்டும்.

எனக்கு அந்த விதி சுத்தமாகப் பிடிக்கவில்லை. உயிரைக் கொடுத்து நான் எழுதிய காதல் காட்சியை, என் ரூமில் இருந்த ஷாகிரா ரயில்வே அறிவிப்பு மாதிரி வாசித்தாள். ஒரு வாரம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தக் காட்சியே அப்படித்தான் இருந்தது என்பது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

எங்களில் கதிரவன் என்று ஒருவன் இருந்தான். மண்டபத்தூர்க்காரன். அதிகம் பேச மாட்டான். அவன் அப்பா கடலுக்குப் போன படகு சில வருஷங்களுக்கு முன்பு திரும்பி வரவில்லை. உடல் கிடைக்காததால் வீட்டில் காரியமும் செய்யவில்லை. அதைத்தான் கதையாக எழுதிக்கொண்டிருந்தான். கதையில் வரும் அம்மா தினமும் அப்பாவுக்கும் சேர்த்துச் சோறு வடிப்பாள். குழம்பிலிருந்து நல்ல துண்டாகப் பார்த்து எடுத்து மூடி வைப்பாள்.

அவ்வளவு நல்ல கதை எங்கள் யாரிடமும் இல்லை. எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்கூட உண்டு. ஆனால் அதற்கு முடிவு மட்டும் வரவேயில்லை. ஆளாளுக்கு ஒரு முடிவு சொன்னோம். எல்லாவற்றுக்கும் தலையாட்டினான், எதையும் எழுதவில்லை. ஒருநாள் மெஸ்ஸில் நான் விடாமல் கேட்டபோது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"வந்துட்டாருன்னு எழுதுனா அது பொய்க்கா. வரமாட்டாருன்னு எழுதுனா, அம்மா தலையில இருக்குற பூவ நானே எடுத்த மாதிரி ஆயிடும்."

தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனேன்.

கடைசி நாள் வாசிப்புக்கு வீட்டாரை எல்லாம் அழைத்திருந்தார்கள். முகாம் முடிந்ததும் போடுகிற தொகுப்பில் முடித்த கதைகள்தான் வரும் என்பதால், தன்னுடையதை விட்டுவிடச் சொன்னான் கதிரவன். இருக்கிற வரைக்கும் வாசிப்போம் என்றார் மேடம். வாசிக்கிற முறை எனக்கு வந்தது.

அவன் அம்மா எங்களுக்கெல்லாம் வறுத்த மீனைத் தூக்குவாளியில் கொண்டுவந்திருந்தார். நெற்றி நிறையப் பொட்டு, தலையில் பூ. பிள்ளைகள் உட்காரும் சின்ன பெஞ்சில் மகன் பக்கத்தில் முழங்காலை ஒடுக்கி உட்கார்ந்துகொண்டார். அவரைப் பார்க்காமலே வாசித்தேன். 'அம்மா மூடியைத் திறந்து பார்த்தாள்' என்ற இடத்தில் கதை நின்றுவிட்டது. நானும் நின்றேன். யாரும் கை தட்டவில்லை.

"அவ்வளவுதானா?" என்று மகனிடம் கேட்டார் அவர்.

முடிக்கத் தெரியவில்லை என்றான்.

அவர் மெதுவாகத்தான் பேசினார். ஹால் சின்னது, எல்லாருக்கும் கேட்டது.

"உங்கப்பா வரமாட்டாருய்யா. எனக்கு எப்பவோ தெரியும். நீ வாசலையே பாத்துக்கிட்டு இருக்கியேன்னுதான் நானும் எடுத்து வச்சேன்."

"நான் உனக்காகத்தாம்மா..." என்று ஆரம்பித்தவன் அப்படியே டெஸ்க்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அம்மா அவன் முதுகில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். ஒருவருக்காக ஒருவர் இத்தனை வருஷம் காத்திருந்திருக்கிறார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இன்றைக்கும் ஒன்று தோன்றும். அவனே முன்னால் நின்று வாசித்திருந்தால், அந்த அம்மா தெரியாத முகங்களுக்கு நடுவே தனியாக உட்கார்ந்து கேட்டிருப்பார். கேட்டுவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போயிருப்பார். எனக்குப் பிடிக்காத அந்த விதிதான் அவர்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தது.

கொஞ்ச நேரம் கழித்து கதிரவன் என் கையிலிருந்த தாளை வாங்கி, அடியில் ஒரு வரி எழுதினான். "இதையும் நீயே படிச்சிடு பாப்பா" என்றார் அம்மா. படித்தேன்.

'அன்றைக்கு அம்மா இரண்டு பேருக்குத்தான் சோறு வடித்தாள்.'

அந்த ஆடியில் காரியம் செய்தார்கள், போயிருந்தேன். பூவை எடுக்கக் கூடாது என்று கதிரவன் ஒற்றைக்காலில் நின்றான். எடுக்கவில்லை.

இப்போது எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. கதை எழுதினால் பி.டி.எஃப் வரும். உடனே நாலு கட்டைவிரல், இரண்டு 'அருமை'. படித்தார்களா என்று யார் கண்டது? எனக்கும் ஆபீஸ், பிள்ளை, சமையல். நானும் பல தடவை கட்டைவிரலோடு நிறுத்தியிருக்கிறேன். ஆனால் கதிரவன் கதை வந்தால் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு, சத்தமாக வாசித்து வாய்ஸ் நோட் அனுப்பிவிடுவேன்.

என்ன, அப்போது மாதிரி இல்லை. வாசிக்கும்போது எதிரே யாரும் தெரிவதில்லை...

போன வாரமும் ஒன்று அனுப்பினேன். யார் யார் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டீர்கள் என்று அவனிடம் கேட்டேன். பதில் வந்தது.

"அம்மாவும் நானும்தான்க்கா. வேற யாரு?"