தரையில்லாத கோளும் பின்வரிசைக்காரர்களும்

இன்று ஸ்கூடாய் நகரில், வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களைப் பற்றித் தமிழில் ஓர் உரை. கேட்க நினைத்த கேள்வியை வீட்டிலேயே நான்கு முறை திருத்தி எழுதிக்கொண்டு போயிருந்தேன். கைதான் எழவில்லை.

பக்கத்தில் தொழிற்சாலைச் சீருடையில் இருந்த பெண் என் தாளை எட்டிப் பார்த்தார்.

"கேளுங்க அங்கிள்."

"தப்பா இருந்தா?"

"தப்புன்னு சொல்வாங்க லா. எனக்கும் தெரியணும்."

எழுந்து வாசித்தேன். "வியாழனைவிடப் பெரிய வாயுக் கோளில் நிற்கவே தரையில்லை. அங்கே ஏன் உயிரைத் தேட வேண்டும்?"

"அதுல இல்லீங்க ஐயா," என்றார் உரையாளர். "அதைச் சுத்துற நிலாவுல கடல் இருக்கலாம். இன்னும் யாருக்கும் தெரியாது."

அந்தக் கடற்கரையில் நின்றால், வானத்தில் அந்தக் கோள் நம் நிலவைவிடப் பல மடங்கு பெரிதாகத் தெரியுமாம். அதை நினைத்தபடியே நின்றுவிட்டேன்.

"உட்காருங்க அங்கிள், பின்னால மறைக்குது," என்றார் பக்கத்துப் பெண்.

பின்வரிசையில் இருந்தவர்கள் யாராவது இந்தக் குழுவில் இருந்தால் மன்னிக்கவும். எவ்வளவு நேரம் மறைத்தேன்?