வெள்ளி மாலை, சனிக்கிழமை விடுமுறை

கச்சிராயபாளையத்திலிருந்து மலைக்கு ஏறும் ரோட்டோரம், எங்கள் கரும்புக் கொல்லையை ஒட்டி, எனக்கென்று ஓர் அறை இருக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு. டைல்ஸ் தரை, கை கழுவ வாஷ்பேசின், நோயாளிகள் உட்கார வேப்பமரப் பெஞ்சு எல்லாம் உண்டு. அதில் நான் ஒருநாள்கூட வைத்தியம் பார்த்ததில்லை. நான் வைத்தியம் பார்ப்பது ஆப்பிரிக்காவில், மலாவி நாட்டில், ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில். பதினோரு வருடமாகிறது.

அறையைக் கட்டியவர் என் அப்பா. மூன்று ஏக்கர் கரும்புக்காரர். வாய் ஜாஸ்தி, கோபம் அதைவிட ஜாஸ்தி. இரண்டையும் எனக்குத் தாராளமாகக் கொடுத்திருக்கிறார். நாங்கள் சேர்ந்தாற்போல நான்கு நாள் ஒரு வீட்டில் இருந்தால் ஐந்தாம் நாள் அண்ணி கரண்டியோடு வந்து நடுவில் நிற்கவேண்டியிருக்கும். அண்ணனும் அண்ணியும்தான் அப்பாவை வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். அப்பாவைக் கேட்டால் அவர்தான் அவர்களை வைத்துப் பார்த்துக்கொள்வதாகச் சொல்வார்.

எனக்கு எட்டு வயதில் அம்மா மஞ்சள்காமாலையில் போய்விட்டாள். கொல்லைக்கும் வீட்டுக்கும் அல்லாட முடியாமல் அப்பாவே என்னைக் கொண்டுபோய் ஒரு பள்ளி ஹாஸ்டலில் விட்டார். சனிக்கிழமையை ஓய்வுநாளாக வைத்திருக்கும் அட்வென்டிஸ்ட்காரர்களின் பள்ளி. வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததிலிருந்து சனிக்கிழமை பொழுது சாயும்வரை அங்கே படிப்பு கிடையாது, துவைப்பது கிடையாது, கடைக்குப் போவது கிடையாது. வெள்ளி மதியமே துணியை அலசிப்போட்டு, குளித்து, ஈரத்தலையோடு வரிசையாக உட்கார்ந்து பாட ஆரம்பித்துவிடுவோம். அம்மா போன பிறகு, சொன்ன நேரத்துக்குத் தவறாமல் என்னிடம் வந்தது அந்த வெள்ளிக்கிழமைச் சாயங்காலம் ஒன்றுதான். அதனால்தான் அதை அப்படிப் பிடித்துக்கொண்டேனோ என்று இப்போது தோன்றுகிறது. பதினேழு வயதில் நான் ஞானஸ்நானம் எடுத்தபோது அப்பா வரவில்லை. "படிக்க வுட்டா சாமிய மாத்திகினு வந்துட்டா" என்று ஊரெல்லாம் சொன்னார். ஆனால் ஹாஸ்டலை விட்டு என்னைக் கூட்டிக்கொண்டும் போகவில்லை.

பெரிய சண்டை வந்தது மருத்துவக் கல்லூரியில். மூன்றாம் வருடத்தில் ஒரு பரீட்சை சனிக்கிழமையில் விழுந்தது. எழுதமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எழுதாவிட்டால் ஆறு மாதம் பின்தங்கிப் போகும். சேதி தெரிந்து அப்பா வெள்ளிக்கிழமையே பஸ் ஏறி வந்துவிட்டார். ஹாஸ்டல் வாசலில் நின்று, வாழ்க்கையில் முதல்முறையாக என்னிடம் கெஞ்சினார்.

"ஒரு நாளு பாப்பா. ஒரே ஒரு நாளு உன் சாமி கண்ண மூடிக்காதா?"

மாட்டேன் என்றேன். இருபது வயதில் எனக்கு எல்லாவற்றுக்கும் பதில் தெரியும். அவருக்கும் விட மனசில்லை. "அப்ப சனிக்கிழமை ஒருத்தன பாம்பு கடிச்சா இன்னா பண்ணுவ? ஞாயித்துக்கெழம வாடான்னுவியா?" என்றார். பாம்புக்கடி, பிரசவம் என்று வந்தால் எந்த நாளும் பார்ப்போம், உயிரைக் காப்பாற்றுவது ஓய்வுநாளில் தப்பில்லை, பரீட்சை எழுதுவது வேறு, அது என் வேலை என்று பெரிய பிரசங்கமே செய்தேன். மறுநாள் காலையில் நான் ஆராதனைக்குப் போனேன். அப்பா பரீட்சை நடந்த கட்டிடத்துக்கு எதிரே, புளியமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார். கடைசி நிமிடத்திலாவது ஓடிவருவேன் என்று நினைத்திருக்கிறார். எல்லோரும் எழுதி முடித்து வெளியே வரும்வரை உட்கார்ந்திருந்தார். பிறகு என்னைப் பார்க்காமலே ஊருக்குப் போய்விட்டார். கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றைப் பிரிக்காமல் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போனதாகப் பிறகு தெரிந்தது.

எட்டு மாதம் என்னோடு பேசவில்லை. யாராவது விசாரித்தால், "அதுக்கு வாராவாரம் சனி புடிக்குது" என்று மட்டும் சொல்வாராம்.

படித்து முடித்து, பத்து வருடம்போல நம் நாட்டிலேயே வேலை பார்த்துவிட்டு, மலாவிக்குக் கிளம்பினேன். இரண்டே வருடம் என்றுதான் சொன்னேன். அப்பா வாசலில் நின்று மலையைக் கையால் காட்டினார்.

"டாக்டர் இல்லாத மலதான் உனுக்கு வேணும்னா, எதுத்தாப்ல இம்மாம் பெரிய மல நிக்குதே, கண்ணு தெரியல?"

கடவுள் என்னை அங்கே கூப்பிடுகிறார் என்றேன். "உன்ன கூப்புட்ற சாமிக்கு கள்ளக்குறிச்சி பஸ்ஸு தெரியாதா?" என்றார். சிரித்துவிட்டேன்.

உண்மை இவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் நாங்கள் இரண்டு டாக்டர்கள். நான் போனால் ஒருவர். ஒவ்வொரு தவணை முடியும்போதும், இந்த முறை போதும், ஊருக்குப் போகலாம் என்று மூட்டை கட்டுவேன் மனசுக்குள். அந்த வாரமாகப் பார்த்து ஒரு பெண், நான் வயிற்றைக் கிழித்து எடுத்த பிள்ளையைப் பள்ளிச் சீருடையோடு கூட்டிவந்து காட்டுவாள். கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

அதற்காக இந்த ஊர் என் ஊராகிவிடவில்லை. இங்கேயும் மரவள்ளி போடுகிறார்கள். இங்கேயும் கரும்பு. அறுவடைக் காலத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஆஸ்பத்திரி ரோட்டில் போகும்போது, ஓட்டுகிறவர் பக்கத்தில் தலைப்பாகையோடு ஒருவர் உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்ப்பேன். இருக்கமாட்டார் என்று தெரியும், ஆனாலும் பார்ப்பேன். மக்காச்சோள மாவில் கிண்டிய வெள்ளைக் களியை இவர்கள் சீமா என்கிறார்கள். அதைப் பிசையும்போது அண்ணி வைக்கும் கருவாட்டுக் குழம்பின் வாசனை எங்கிருந்தோ வந்துவிடும். மலையும் உண்டு, ஆனால் கிழக்கே. எங்கள் ஊரில் சூரியன் மலைக்குள் போய் மறையும். இங்கே மலையிலிருந்து வருகிறது. பதினோரு வருடமாகியும் சாயங்காலமானால் மலையைத் தேடி மேற்கே திரும்புகிறேன். மேற்கே சோளக்கொல்லைதான் இருக்கிறது. ஊருக்குப் போகவேண்டும் என்ற ஏக்கம் எனக்குத் தலைவலி மாதிரி வராது. பசி மாதிரி, தினமும் நேரத்துக்கு வரும்.

இதை அப்பாவிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் "அப்ப வா" என்பார். எப்போது வருகிறாய் என்று கேட்டால் "பார்க்கலாம்ப்பா" என்பேன். பதினோரு வருடமாக அதே பதில்.

எனக்கு மாப்பிள்ளை பார்ப்பதை விட்ட வருடம்தான் அப்பா அறைக்கு அஸ்திவாரம் தோண்டினார். அடுத்த விடுமுறைக்குப் போனபோது சுவர் எழும்பியிருந்தது. அதற்கடுத்த முறை கூரை. பிறகு டைல்ஸ், பிறகு வாஷ்பேசின். மலையிலிருந்து நோயாளிகளை ஏற்றிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் போகும் ஜீப்புகள் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் போகவேண்டும். அதனால்தான் அந்த இடம். நான் இல்லாத நாட்களில் அதில் யூரியா மூட்டை அடுக்கியிருப்பார்கள். நான் வரும் வாரத்தில் மூட்டைகளை வெளியேற்றிக் கழுவிவிட்டு, பூட்டைத் திறந்து காட்டுவார். யூரியா நெடி மூக்கைத் துளைக்கும். நன்றாயிருக்கிறது என்பேன். மூட்டை அடுக்குவது எனக்குத் தெரியாது என்று அவரும், எனக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாது என்று நானும் வைத்துக்கொண்டு, அந்த நெடியைப் பற்றிப் பேசாமல் வெளியே வருவோம்.

போன விடுமுறைக்கு நான் கிளம்பும்போதே அடுத்த ஐந்து வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டிருந்தேன். இந்தத் தடவை அப்பாவிடம் நேராகச் சொல்லிவிடுவது என்று முடிவு. அவருக்கு எழுபத்தாறு வயது. இனிமேலும் "பார்க்கலாம்" என்றால் அது பொய்.

ஊருக்குப் போன மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. சாப்பிட்டு முடித்ததும் அப்பா அறைக்குக் கூப்பிட்டார். பெஞ்சுக்குப் பின்னால், சாக்கில் சுற்றிய ஒரு தகரப் போர்டு. கள்ளக்குறிச்சியில் கட்சி விளம்பரம் எழுதுகிற பெயிண்டரிடம் கொடுத்து எழுதியிருக்கிறார். சாக்கைப் பிரித்துச் சுவரில் சாய்த்து வைத்தார். மேலே என் பெயர். பெயருக்குப் பின்னால் வெற்றிடம். "உன் பட்டத்துல எத்தினி எழுத்துன்னு தெரியல. நீ சொன்னா எழுதிக்கலாம்" என்றார். அதன் கீழே காலை ஒன்பது முதல் ஒன்று, மாலை நான்கு முதல் ஏழு. அதற்கும் கீழே சிவப்பு எழுத்தில் இரண்டு வரி.

வெள்ளி மாலை, சனிக்கிழமை விடுமுறை.

பாம்புக்கடி, பிரசவம் எந்நேரமும்.

எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. சனிக்கிழமை என்று மட்டும் எழுதியிருந்தால்கூட எனக்குப் போதும். வெள்ளி மாலையே தொடங்கிவிடும் என்பது என்னோடு படித்த சிநேகிதிகளுக்கே நினைவிருக்காது. புளியமரத்தடியில் பட்டினியாக உட்கார்ந்துவிட்டு எட்டு மாதம் பேசாமலிருந்த மனுஷன், நான் கத்தியதில் ஒரு சொல்லையும் கீழே போடாமல் வைத்திருந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வாஷ்பேசின் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினேன். அன்றைக்கு என்னால் சொல்ல முடியவில்லை. அடுத்த நாளும் இல்லை. கிளம்பும் நாள் காலைவரை சொல்லவில்லை.

அன்று காலை வாசலில் வைத்துச் சொன்னேன். ஐந்து வருடம் என்றேன். அப்பா என் பெட்டியைப் பார்த்தார்.

"தெரியும். ஒவ்வொரு தபாவும் நீ சின்னப் பொட்டியத்தான தூக்கிகினு வர்ற. தங்கறதுக்கு வர்றவ இத்தினியூண்டு பொட்டியா எடுத்தாருவா?"

"தெரிஞ்சிமா போர்டு எழுதினீங்க?" என்று கேட்டேன்.

அப்போதுதான் கோபம் வந்தது அவருக்கு. "எழுதி வெச்சாலாச்சும் வருவியான்னு பாத்தேன். வரமாட்ட. போ" என்று கொல்லைப் பக்கம் நடந்துவிட்டார். பஸ் ஏற்றிவிட வரவில்லை. அண்ணிதான் வந்தாள். பஸ் நகரும்போது திரும்பி மலையைப் பார்த்தேன். நான் ஒரு கல்நெஞ்சக்காரி என்று அன்று முழுவதும் என்னைத் திட்டிக்கொண்டே போனேன்.

அதற்குப் பிறகு போன் செய்தால் அப்பா பேசுவதில்லை. "தூங்கறாரு", "கொல்லைக்குப் போய்க்கினு இருக்காரு" என்று அண்ணி ஏதாவது சொல்வாள். பின்னால் அவர் இருமுவது எனக்குக் கேட்கும். ஒரு மாதம், இரண்டு மாதம், ஐந்து மாதம். பழைய எட்டு மாதக் கணக்கு நினைவுக்கு வந்தது. அப்போது எனக்கு இருபது, அவருக்கு ஐம்பது. காத்திருக்க நேரம் இருந்தது. இப்போது அந்த இருமலை டாக்டராகக் கேட்டேன். பயமாக இருந்தது.

ஆறாம் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம், வெளிநோயாளிகள் வரிசை வராண்டாவைத் தாண்டி நின்ற நேரத்தில், போன் அடித்தது. அந்த நேரத்தில் அண்ணி கூப்பிடமாட்டாள். வரிசையை அப்படியே விட்டுவிட்டு எடுத்தேன்.

"இன்னாங்க டாக்டரம்மா, உங்க ரூமு ஓபன் ஆயிடுச்சி" என்றாள் அண்ணி. குரலில் சிரிப்பு. அப்புறம்தான் எனக்கு மூச்சே வந்தது. கிராம சுகாதார நர்ஸ் தடுப்பூசி போட இடம் கேட்டிருக்கிறாள். அப்பா யூரியா மூட்டையைத் தூக்கி வெளியே போட்டுவிட்டுச் சாவியைக் கொடுத்திருக்கிறார். போர்டை அவரே வாசலில் மாட்டிவிட்டார். அதை எடுத்துவிடலாமா என்று நர்ஸ் கேட்டதற்கு, ரூமு வேண்டுமா வேண்டாமா என்று கேட்டாராம்.

"சனிக்கெழம பள்ளிக்கூடம் லீவு, புள்ளைங்கள இட்டார தோதா இருக்கும், அன்னிக்கும் தெறங்கன்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சி. முடியாதுன்னுட்டாரு. எழுதிக் கீதே, படிக்கத் தெரியாதான்றாரு. பாம்புக்கடின்னு எவனாச்சும் ஜீப்ப நிறுத்தினா, நர்ஸு கைய பெசையறதுக்குள்ள இவுரே ஆம்புலன்சுக்கு போன் போடறாரு. அந்தக் கடைசி வரிக்கி நான்தான் ஜவாப்புன்றாரு. இந்தாங்க, பேசறாராம்."

முதலில் இருமல் கேட்டது. பிறகு அப்பா.

"இங்க பொழுது மலைக்குள்ள பூந்துடுச்சி. ரூமப் பூட்டிட்டேன்."

எனக்குப் பொழுது சாய இன்னும் மூன்று மணி நேரத்துக்குமேல் இருந்தது. வழக்கம்போல மருந்து சாப்பிடுகிறாரா என்று கேட்கவில்லை. பார்க்கலாம்ப்பா என்று சொல்லவில்லை.

"எனக்கு அங்க வரணும்போல இருக்குப்பா" என்றேன். "தெனமும் இருக்கு."

அப்ப வா என்று சொல்வார் என்றுதான் பதினோரு வருடமாகப் பயந்திருந்தேன்.

"இருக்கும்ல" என்றார். மறுபடி இருமினார். "போன வையி. உன் சனம் காத்துகினு இருக்கும். போய்ப் பாரு."