ஆமிப் பச்சையில் ஒரு கோட்

ஒன்லைனில் ஆசைப்பட்டு வாங்கிய கோட்டையும் லோங்ஸையும் இன்றுதான் முதன்முதலாகப் போட்டேன். வெயிலுக்கு ஏற்ற மெல்லிய பருத்தி. தோளில் பட்டி, நெஞ்சில் மூடி வைத்த பொக்கெட்டுகள், முதுகுப்பக்கம் ஒரு பெரிய பை, வேட்டைக்காரர்கள் சுட்ட பறவையைப் போடுவதற்காம். நிறம் ஆமிப் பச்சை.

நான் பயிர்க் காப்புறுதியில் வேலை செய்கிறேன். வெள்ளத்தில் வயல் அழிந்த ஒருவர் கூப்பிட்டிருந்ததால் பழுகாமம் போனேன்.

வாசலில் நின்று கூப்பிட, அவருடைய மனைவி வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, தோளைத்தான் பார்த்தார்.

“அவர் இல்ல.”

உள்ளே ஆண் குரலில் இருமல் கேட்டது.

“அக்கா, நான் இன்சூரன்ஸ்ல இருந்து வாறன்.”

“சண்டை நேரம் இப்பிடி உடுப்போட வந்தவங்களும் வேற வேலையெண்டுதான் சொன்னவங்க. என்ட தம்பியக் கூட்டிக்கொண்டு போனவங்க. இன்னும் வரல்ல.”

கோட்டைக் கழற்றி மோட்டார் சைக்கிளில் போட்டுவிட்டு, வியர்த்த பெனியனோடு நின்றேன்.

“எந்த ஊர்? ஆர்ர மகன்?”

கல்லடி என்றேன். அப்பாவின் பெயரையும் சொன்னேன். உள்ளே திரும்பிக் கூப்பிட்டார்.

“இஞ்ச வாங்க, கல்லடிப் பொடியனாம்.”

‘பொடியனாம்’ என்றதில் இருந்த அந்த ‘ஆம்’ நான் வயலைப் பார்த்துப் படமெடுத்து முடிக்கும் வரைக்கும் போகவில்லை. அக்கா வரம்பிலேயே நின்று என்னைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

கோட்டுக்குச் சாயம் போடப் போகிறேன். காக்கி வேண்டாம், கறுப்பும் வேண்டாம். நம்மூரில் யாரும் பயப்படாத நிறம் எது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.