பூசாத மஞ்சள்

நான் ஒரு பெண்ணைச் சாகவிட்டேன். தெரியாமல் செய்த பிழை என்று தொடங்கத்தான் பேனா வளைகிறது... இல்லை! தெரிந்துதான் செய்தேன்.

பிரெஞ்சுக்காரர்கள் போய் ஆறேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியின் இருட்டறையில் எனக்கு வேலை. பிரான்சில் படித்த எங்கள் டாக்டர் ஓர் ஊதா விளக்கைக் கொண்டுவந்திருந்தார். நோயாளிக்கு ஐந்து நாள் ஒரு மாத்திரை கொடுப்போம்; பிறகு இரண்டு நாள் நிறுத்துவோம். நல்ல சதையிலிருந்து மருந்து வடிந்துவிடும். புற்று பிடித்த சதை அதை விடாது. இருட்டில் விளக்கைப் பிடித்தால் அந்த இடம் மட்டும் மஞ்சளாக ஒளிரும். ஒளிர்ந்தால் துளி சதை வெட்டிச் சோதிப்பார்கள். பார்த்து எழுதுவது நான்.

ஆனால், பெண்கள் பூசிக் குளிக்கும் மஞ்சளும் அதில் அப்படியே ஒளிர்ந்தது! சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி மறுபடி பார்க்க வேண்டும் என்பது விதி. ஒரு நாள் அதை மறந்தேன். மூன்று பெண்களின் முகத்தை வீணாகக் கீறும்படி ஆயிற்று.

"மஞ்சளுக்கும் நோய்க்கும் வித்தியாசம் தெரியாத நீயெல்லாம் என்னய்யா வேலை பாக்கற?" என்றார் டாக்டர், அங்கே நர்ஸ் வேலை பார்த்த கன்னியாஸ்திரீகள் முன்னால். அவர்கள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். ரோஷம் அதைவிடக் கூடுதல்.

மறுவாரம், மாத்திரைக் கெடு முடித்துப் பூங்காவனம் வந்தாள். கடலோரக் குப்பத்திலிருந்து கூடையில் மீன் சுமந்து விற்பவள். கன்னத்தில் நாலணா அளவுக்கு ஆறாத புண். இருட்டில் அவள் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. விளக்கைப் பிடித்தேன். புண்ணின் ஓரம் மஞ்சளாக ஒளிர்ந்தது.

"ஏம்மா, மஞ்சள் பூசிக்கிட்டு வராதீங்கன்னு தலைபாடா அடிச்சிக்கிறோமே, காதுல வுழலியா?"

"நான் மஞ்சள் பூசுறதே இல்லீங்க ஐயா."

"எல்லாரும் இதத்தான் சொல்றீங்க!"

ஏன் பூசுவதில்லை என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வெளியே வரிசை நீண்டிருந்தது. கழுவச் சொல்லாமலே, சின்னச் சிவப்பு விளக்கடியில், 'நெகாத்திஃப்' என்று எழுதினேன். நோய் இல்லை என்று பொருள்.

கதவைத் திறந்தேன். வெளிச்சத்தில் அவள் நின்றாள். வெறும் நெற்றி... வெறும் கழுத்து... கணவனைக் கடலுக்குக் கொடுத்தவள். அவள் எங்கே மஞ்சள் பூசுவது! எனக்கு அந்தக் கணமே எல்லாம் புரிந்துவிட்டது.

சீட்டு என் கையில்தான் இருந்தது. அந்த ஒரு சொல்லை அடித்திருக்கலாம். அடித்தால் டாக்டர் ஏன் என்று கேட்பார். மறுபடியும் மஞ்சளா என்பார். அதற்கு அஞ்சிச் சீட்டைக் கொடுத்துவிட்டேன்.

"ஒண்ணும் இல்லீங்களா ஐயா?"

"ஒண்ணுமில்லம்மா, போ."

கையெடுத்துக் கும்பிட்டாள். மறுநாள் நெல்லித்தோப்பில் என் வீட்டைத் தேடி வந்து, ஒரு கூறு சங்கரா மீன் வைத்துவிட்டுப் போனாள். குழம்பு வைத்தோம். தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதினால் நீங்கள் இரங்குவீர்கள். இறங்கியது. இரண்டாம் முறையும் சோறு போட்டுக்கொண்டேன்.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போகாதவனல்ல நான். சில்லறைப் பொய்களையெல்லாம் குருவானவரிடம் சொல்லி மன்னிப்பு வாங்கினேன். இதை மட்டும் சொல்லவில்லை.

ஆறு மாதம் கழித்து மறுபடி வந்தாள். புண் கன்னத்தைத் தின்று தாடைக்கு இறங்கியிருந்தது. இனிக் கத்தி வைத்துப் பயனில்லை என்றார் டாக்டர். அன்றே நான் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாளா? தெரியாது... ஆனால் அன்று அது நாலணா அளவுதான் இருந்தது.

என்னைத் தேடி இருட்டறை வாசலுக்கு வந்தாள். திட்டப்போகிறாள் என்று நின்றேன். திட்டியிருக்கக் கூடாதா!

"மன்னிச்சிக்குங்க ஐயா. அன்னிக்கே மஞ்சள்னு சொன்னீங்க, நான்தான் எதுத்துப் பேசிட்டேன். கொழம்புக்கு மஞ்சள் அரைக்கிற கையி... புண்ணுல பட்டிருக்கும். அதான் வியாதி வெளக்குக்குத் தெரியாம பூடுச்சு. தப்பு எம்மேலதான், இல்லீங்களா?"

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல வெளிச்சம்.

"இருக்கலாம்மா" என்றேன்.

அதை நம்பிக்கொண்டேதான் அவள் செத்துப்போனாள்.